கட்டில் குன்றில் துயின்றவர் யார்?

குழந்தைகளின் கற்பனை உலகமும் தமிழாசிரியர் பணியும்

மலாக்கா நகரையடுத்து, ஆயர் குரோவின் பக்கத்தில், புக்கிட் காத்தில் என்னும் ஊர் இருக்கின்றது. 'புக்கிட்' என்பது மலாய்மொழியில் குன்றைக் குறிக்கும். 'காத்தில்' என்பது படுக்கும் கட்டில். கப்பல், பெட்டி, கடை முதலிய சொற்களைப் போலவே கடல் கடந்து சென்று மலாய்மொழியில் குடிபுகுந்த தமிழ்ச்சொற்களுள் கட்டிலும் ஒன்று. ஆகவே அவ்வூர்ப் பெயரைத் தமிழாக்கினால் 'கட்டில் குன்று' என்றாகும்.

இச்செய்தியை மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஓர் ஆசிரியர் கூறுவதாகக் கொள்வோம். கேட்ட சிறுவன் அடுத்து வினவப்போவது சொல்லாராய்ச்சியைப் பற்றியன்று. "அந்தக் கட்டில்ல யாருங்கய்யா படுத்திருந்தாங்க?" என்றுதான் அவன் கேட்பான்.

இவ்வினாவுக்கு ஆசிரியர் இரு வகையில் மறுமொழி கூறலாம். "அது வெறும் பெயர்தான், உட்கார்" என்பது ஒரு வகை. "குன்றளவு கட்டிலென்றால் படுத்தவருக்கு உயரம் எவ்வளவு இருக்கும்? அவருக்குத் தலையணை எது? அவர் புரண்டு படுத்தால் ஆயர் குரோவில் என்ன நடக்கும்?" என்று அவனையே திருப்பிக் கேட்பது மற்றொரு வகை. முதல் மறுமொழியோடு பாடம் முடிந்துவிடும். இரண்டாவதில் ஓர் உலகம் பிறக்கத் தொடங்கும். அவ்வுலகத்தைக் குழந்தை படிக்கவும் படைக்கவும் ஆசிரியர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மனப்பாடக் கற்பனை

தமிழ்ப்பள்ளிகளில் கற்பனைக்கு இடமில்லை என்று எவரும் கூறமுடியாது. கற்பனைக் கட்டுரை, தன்கதை ஆகிய இரண்டும் கட்டுரைப் பயிற்சியில் நெடுங்காலமாக உள்ளவை. ஆயினும் அவ்வகைக் கட்டுரைகள் பலவற்றைத் திருத்திய ஆசிரியர் எவரும் ஓர் உண்மையை அறிவர். பேனாவின் தன்கதையும், காலணியின் தன்கதையும், மிதிவண்டியின் தன்கதையும் ஒன்றே. தொழிற்சாலையில் பிறப்பு, கடையில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பு, பிறந்தநாள் பரிசாகப் புதிய உரிமையாளரிடம் செல்கை, சில நாள் இன்பம், பிறகு பழுது, இறுதியில் குப்பைத் தொட்டியில் கண்ணீர். பெயரை மட்டும் மாற்றினால் எப்பொருளுக்கும் அது பொருந்தும்.

இதற்கு மாணவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. 1988 முதல் நடந்துவந்த ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆரில் பிழையின்றியும் விரைவாகவும் எழுதவேண்டியிருந்தமையால், மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தல் பாதுகாப்பான வழியாகத் தோன்றிற்று. பெற்றோர் அதையே விரும்பினர்; பயிற்சி நூல்களும் அதையே வழங்கின. அத்தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தேர்வு போன பின்னும் அதன் பழக்கம் பல வகுப்பறைகளை விட்டு அகலவில்லை. காரணம் எளிது. மாதிரிக் கட்டுரையை எடுத்துவிட்டால் அதனிடத்தில் எதை வைப்பது என்பதை ஆசிரியர்க்கு யாரும் கற்பிக்கவில்லை.

பொய்யைக் கற்பிப்பதா?

கற்பனைக் கதை என்றவுடன் பெற்றோரும் சில ஆசிரியரும் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. பறக்கும் குதிரையையும் பேசும் மரத்தையும் பிள்ளைகள் மனத்தில் ஏற்றுவது பொய்யைக் கற்பிப்பதாகாதா? கணக்கும் அறிவியலும் கற்கவேண்டிய பிள்ளை காலத்தை வீணாக்கலாமா?

இவ்வையத்துக்கு மிகப் பழைய மறுமொழி தொல்காப்பியத்திலேயே இருக்கின்றது. செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறும் ஆசிரியர், நிகழ்ந்த பொருளை அடிப்படையாகக் கொள்ளாமல் புனைந்து கூறப்படும் மொழியையும் ஒரு வகையாக ஏற்று இடமளிக்கின்றார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், யானையும் குருவியும் தம்முள் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஒன்றைச் செய்தன என்பது போன்ற கதையை எடுத்துக்காட்டாகத் தருகின்றார். யானையும் குருவியும் நட்பாடமாட்டா என்பதை இலக்கண ஆசிரியர் அறியாதவரல்லர். அறிந்தே அதற்கு இடம் வகுத்தனர்.

சென்ற நூற்றாண்டில் இவ்வழக்கு உருசிய நாட்டில் எழுந்தது. 1920களில் அங்குச் சில கல்வியாளர், தேவதைக் கதைகள் குழந்தையின் அறிவைக் கெடுக்கும் எனக் கருதி அவற்றை விலக்க முற்பட்டனர். குழந்தை எழுத்தாளராகிய கொர்நேய் சுகோவ்ஸ்கி அதை எதிர்த்தார். 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்னும் தம் நூலில் அவர் ஒரு தாயின் குறிப்பேட்டை எடுத்துக்காட்டுகின்றார். மகனுக்கு ஒரு கற்பனைக் கதையும் சொல்லாமல் உண்மைச் செய்திகளையே சொல்லி வளர்த்தாள் அத்தாய். அச்சிறுவனோ, சிவப்பு யானை ஒன்று தன் அறையில் வந்து குடியிருப்பதாகத் தானே சொல்லத் தொடங்கினான். கதை கொடுக்கப்படாத குழந்தை தனக்கு வேண்டிய கதையைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

சுகோவ்ஸ்கி கூறும் மற்றொரு கருத்து ஆசிரியர்க்கு இன்னும் பயனுடையது. உலகைத் தலைகீழாக்கிக் கூறும் பாட்டைக் கேட்டுக் குழந்தை ஏன் சிரிக்கின்றது? உலகின் நேரான ஒழுங்கை அது நன்கறிந்திருப்பதனால் சிரிக்கின்றது. 'ஆடு நாயைப் பார்த்துக் குரைத்தது' என்றால், குரைப்பது நாய் என அறிந்த குழந்தைக்கே அது நகைச்சுவை. எனவே கற்பனை மெய்யறிவுக்குப் பகையன்று. அவ்வறிவின்மேல் நின்றுகொண்டுதான் அது விளையாடுகின்றது.

மாயத்துக்கும் ஒரு சட்டம்

கற்பனை உலகில் எதுவும் நடக்கலாம் என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணமே மாணவர் கதைகளைக் கெடுப்பது. எதுவும் நடக்கலாமெனின் எது நடந்தாலும் வியப்பில்லை. கேட்பவர்க்கு அச்சமுமில்லை, ஆவலுமில்லை. சிறந்த விந்தைக் கதைகள் யாவும் ஒரு சட்டத்தின்மேல் நிற்பவை.

விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தை எண்ணுக. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் அவன் தலை வெடித்துவிடும்; வாய் திறந்தாலோ மௌனம் கலைந்தது என்று வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிவிடும். இவ்விரு சட்டங்களுக்கிடையே அரசன் அகப்பட்டுக்கொண்டிருப்பதனாலேயே கதை நடக்கின்றது. 1947 சூலை முதல் பல பத்தாண்டுகள் வெளிவந்த 'அம்புலிமாமா' இதழின் வேதாளக் கதைகளை மலாயாத் தோட்டங்களில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர் பலர். எத்தனை முறை படித்தபோதும் அவர்களுக்குச் சலிக்காமலிருந்தமைக்குக் காரணம் அச்சட்டமே.

மணிமேகலையில் வரும் அமுதசுரபியும் அத்தகையதே. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. ஆனால் பிறர் பசியைத் தீர்ப்பதற்காக அமைந்தது. மழை பொழிந்து நாடு செழித்ததும் ஆபுத்திரனிடம் உணவு கேட்டு வருவார் எவருமில்லை. உண்பாரைத் தேடிக் கப்பலேறியவன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகின்றான். கையில் வற்றாத பாத்திரம். சுற்றிலும் ஊட்டுவதற்கு ஓர் உயிரில்லை. தன் வயிற்றை மட்டும் வளர்க்க மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றான். அமுதசுரபி எல்லாம் தரவல்லதாயிருந்தும் கொள்வாரின்றிப் பயனற்றதாய்விடுகின்றது. சீத்தலைச் சாத்தனார் அமைத்த இவ்வெல்லைதான் அக்காட்சியை மறக்கவொண்ணாததாக்குகின்றது.

ஆங்கில எழுத்தாளர் தோல்கீன் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில் இதே கருத்தை வற்புறுத்தினார். கதையாசிரியர் இரண்டாவது உலகம் ஒன்றைப் படைக்கின்றார். அவ்வுலகின் சட்டத்துக்கு அங்கு நிகழ்வன யாவும் ஒத்திருக்கும் வரையில் கேட்பவர் உள்ளே இருந்து நம்புகின்றார். சட்டம் பிறழ்ந்த நொடியில் வெளியே வந்துவிடுகின்றார் என்பது அவர் கூறியதன் சாரம்.

அருகிலேயே உள்ள விந்தைகள்

மலாக்கா மாணவர்க்கு இவற்றைக் கற்பிக்க ஆசிரியர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மலாய் இலக்கியத்தின் பெருநூலாகிய 'செஜாரா மெலாயு' மலாக்கா அரசர்களின் வரலாறு. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற அந்நூலில் அரச வரலாற்றோடு விந்தைகள் பலவும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றன் தலைவன் தமிழகத்தோடு தொடர்புடையவன்.

கலிங்க நாட்டிலிருந்து படையெடுத்துவந்த அரசன் ஒருவனை அந்நூலின் சில பிரதிகள் ராஜா சூலான் என்றும், சில ராஜா சூரான் என்றும் குறிக்கின்றன. சோழன் என்னும் பெயரின் சாயலும் 1025இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பின் நினைவும் அதில் கலந்திருப்பதாக ஆய்வாளர் கருதுவர். சீனத்தை வெல்லக் கருதித் தெமாசேக்குவரை வந்துவிட்ட அவ்வரசனைப் போரின்றித் திருப்பியனுப்பச் சீன மன்னன் ஒரு சூழ்ச்சி செய்கின்றான். பல்லுதிர்ந்த கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகின்றான். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டவர்க்குக் கிழவர்கள் கூறும் விடை இது: புறப்பட்டபோது அவர்கள் சிறுவர்கள், இம்மரங்கள் அன்று விதைகள், இவ்வூசிகள் அன்று கையளவு பருத்த இரும்புத் தண்டுகள். அது கேட்ட அரசன், அவ்வளவு தொலைவு செல்வது எவ்வாறு எனக் கருதித் திரும்பிவிடுகின்றான். தொலைவை எண்ணால் கூறாமல் துருவால் கூறிய இக்கதையை ஒரு வகுப்பில் சொல்லிவிட்டு, "காத்திருந்த நேரத்தை மணிக்கணக்குச் சொல்லாமல் ஒரு பொருளைக் காட்டிச் சொல்" என்று பயிற்சி தரலாம்.

அதே அரசன் கடலடியைக் காண விரும்பிக் கண்ணாடிப் பெட்டி செய்வித்து அதனுள் அமர்ந்து இறங்குகின்றான். மலாய் மூலத்தில் அப்பெட்டிக்குப் பெயர் 'பெத்தி', அதுவும் தமிழ்ச்சொல்லே. கடலடியில் ஒரு நாடு. அங்கே ஓர் அரசன். அவன் மகளை மணந்து மூன்று ஆண்மக்களைப் பெற்றபின், மாயக்குதிரை ஒன்றின்மேல் ஏறி நிலவுலகுக்கு மீளுகின்றான். பெட்டி உள்ளிருந்து பூட்டக்கூடியதாக அமைந்தது என்று கதை கூறும் சிறு செய்தியை ஆசிரியர் சுட்டிக்காட்டவேண்டும். எவ்வளவு பெரிய விந்தைக்கும் அத்தகைய ஒரு தாழ்ப்பாள் தேவை. அதுவே கேட்பவரை நம்பவைப்பது.

லேடாங் மலையின் கேள்விகள்

ஜாசின் வட்டாரத்தில் வானம் தெளிந்திருக்கும் நாளில் கிழக்கே தோன்றும் உயர்ந்த மலை லேடாங் மலை. 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஜொகூர் மாநிலத்தைச் சார்ந்தது. அதன் இளவரசியைப் பற்றிய கதையையும் செஜாரா மெலாயு கூறுகின்றது. மலாக்காவின் சுல்தான் மாமூட் அவளை மணக்க விரும்பித் தூதனுப்புகின்றார். காற்றும் குளிரும் வருத்த மலையேறியவர்களுள் துன் மாமாட் மட்டும் மேலே சென்று, இசைபாடும் மூங்கில்கள் நிறைந்த சோலையை அடைகின்றார். அங்கே மூதாட்டி ஒருத்தி இளவரசியின் நிபந்தனைகளைக் கூறுகின்றாள். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் வேண்டும். ஏழு தட்டு நிறையக் கொசுவின் நெஞ்சு. ஏழு தட்டு நிறையச் சிற்றுயிர்களின் நெஞ்சு. ஒரு தாழி கண்ணீர். ஒரு தாழி இளம்பாக்கின் சாறு. இறுதியாக, அரசமகனின் குருதி ஒரு கிண்ணம். மற்றவை யாவும் கொடுக்கலாம், குருதி கொடுக்க மனம் வாராது என்று சுல்தான் கைவிட்டார் என்பது கதை.

இக்கதையை வகுப்பில் படிக்கும்போது ஆசிரியர் நிபந்தனைகளோடு நிறுத்திவிடவேண்டும். முடிவைச் சொல்லலாகாது. மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம்.

இவ்வுலகில் எது நடக்கும், எது நடவாது? அதற்கு விலை கொடுப்பவர் யார்? நம் உலகைப் போலவே இருப்பது எது?

இரண்டாம் வினாவின்மேல் மாணவர் நின்று எண்ணினால் கதையின் அமைப்பு தானே விளங்கும். பொன்பாலத்துக்கு விலை கருவூலம். கொசுநெஞ்சுக்கு விலை குடிமக்களின் உழைப்பு. ஒரு தாழி கண்ணீருக்கு எத்தனை பேர் அழவேண்டும்? அதுவரை பிறர் கொடுத்த விலை, கடைசி நிபந்தனையில் அரசனின் வீட்டுக்குள் வந்து நிற்கின்றது. சுல்தான் எந்த இடத்தில் நின்றார் என்பதைக் கேட்டவுடன், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "அப்படின்னா மத்தவங்க கண்ணீரை மட்டும் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்கக்கூடும். அக்கேள்வி எழுந்துவிட்டால் அன்றைய பாடம் நிறைவேறியதாகக் கொள்ளலாம். நீதி எது என்று ஆசிரியர் தனியே கூறவேண்டியதில்லை.

படைக்கும் பயிற்சி

படித்தபின் படைத்தல். இதிலும் வெற்றுத்தாளைக் கொடுத்து "உன் கற்பனைக்கு எட்டியவாறு எழுது" என்பதைப் போல் மாணவனை மருட்டுவது வேறில்லை. இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி ஆசிரியர்களோடு கூடிப் பயிற்சி நடத்திக் கண்ட வழிகளை 1973இல் 'கற்பனையின் இலக்கணம்' என்னும் நூலாக வெளியிட்டார். ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இரு சொற்களை எடுத்து, அவற்றை இடைச்சொற்களால் பலவாறு இணைத்துப் பார்த்தால் கதை பிறக்கும் என்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று.

இத்தாலிய மொழியைவிடத் தமிழுக்கு இவ்வழி எளிது. வேற்றுமை உருபுகள் தமிழில் பெயரோடு ஒட்டியே வருகின்றன. தோட்டத்தில் பால்மரத்தில் கட்டும் மங்கு ஒரு சொல். நிலா மற்றொரு சொல். கட்டில் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றது போல, மங்கு மலாய்மொழியிலிருந்து தோட்டத் தமிழுக்கு வந்தது. இவ்விரு சொற்களையும் இணைத்துப் பார்க்க:

நிலாவை மங்கில் பிடித்தாள். நிலாவால் மங்கு நிறைந்தது. நிலாவுக்கு ஒரு மங்கு வேண்டுமாம். நிலாவிலிருந்து ஒரு மங்கு விழுந்தது. நிலாவின் மங்கு உடைந்துபோயிற்று. மங்குக்குள் நிலா உறங்கிற்று.

ஆறு வாக்கியங்கள், ஆறு கதைகளின் தொடக்கம். வேற்றுமை உருபுகளை வாய்பாடாக ஒப்புவித்த மாணவன், ஓர் உருபு மாறினால் உலகமே மாறுவதை இங்கே கண்ணால் காண்பான். இலக்கணப் பாடமும் கற்பனைப் பாடமும் ஒரே மணி நேரத்தில் முடியும்.

தொடக்கம் கிடைத்தபின் அதனை வளர்க்க நான்கு படிகள் போதும். இடத்தை வரைதல், சட்டத்தை எழுதுதல், விலையைக் குறித்தல், அச்சட்டத்தால் இடர்ப்படும் ஒருவரைக் கண்டுபிடித்தல். எடுத்துக்காட்டாக, பெரட்டு என்பதைப் பாட்டியிடம் கேட்டு வரும்படி மாணவர்க்குச் சொல்லலாம். விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நிற்க, பேர்சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்த வழக்கம் அது. இப்பொழுது மேகங்களுக்குப் பெரட்டு எடுக்கும் ஓர் ஊரை வகுப்பு படைக்கட்டும். இடம்: மலை உச்சியில் ஒரு களம். சட்டம்: பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காத மேகம் அன்று பெய்யக்கூடாது. விலை: மேகத்தை ஊமையாக்குபவர் தம் குரலில் ஒரு பங்கை இழப்பார். இடர்ப்படுபவர்: பால்வெட்டுக்காரர் மகள் ஒருத்தி. மழை பெய்தால் மரம் வெட்டமுடியாது, அன்றைக்குக் கூலியில்லை. மழை பெய்யாவிட்டாலோ கிணறு வற்றும். அவள் எந்த மேகத்தை ஊமையாக்குவாள்? அதற்காகத் தன் குரலை எவ்வளவு இழப்பாள்? இதற்கு மேல் ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் நலம். முடிவைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பர். நாற்பது பேர் நாற்பது முடிவு காணட்டும்.

நான்கு குழந்தைகளின் ஒரு கண்ணாடி நகரம்

வசதியில்லாத பள்ளியில் இவையெல்லாம் இயலுமா என்று கேட்கலாம். இங்கிலாந்தின் யார்க்சயர் மேட்டுநிலத்தில் ஹாவர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் ஒருவர், 1826இல் தம் மகனுக்குப் பன்னிரண்டு மரப்பொம்மைப் போர்வீரர்களை வாங்கிவந்தார். தாயை இழந்த நான்கு குழந்தைகளும் அப்பொம்மைகளுக்குப் பெயரிட்டு, நாடு அமைத்து, கண்ணாடி நகரம் ஒன்றை எழுப்பினர். வரைபடம் தீட்டினர், அந்நாட்டுப் பொம்மைகள் படிப்பதற்கேற்ற உள்ளங்கையளவு நூல்களைக் கிடைத்த தாளில் எழுதித் தைத்தனர். ஆண்டுக்கணக்கில் அவ்வுலகு வளர்ந்தது. அக்குழந்தைகளுள் சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்', எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்' ஆகிய இரு நாவல்களும் 1847இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றன.

எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாளராவர் என்பதற்காக இது கூறப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை பன்னிரண்டு பொம்மைகளும், துண்டுத் தாள்களும், ஒருவர் கதையை மற்றவர் கேட்கும் வாய்ப்புமே. இம்மூன்றும் இல்லாத பள்ளி இந்நாட்டில் இராது. ஒரு தாளை எட்டாக மடித்து நடுவில் தைத்தால் ஒரு நூல். வகுப்பில் ஒரு பெட்டியில் அவற்றைச் சேர்த்து வைத்தால் அதுவே நூலகம். ஒருவன் படைத்த ஊருக்கு மற்றொருத்தி விருந்தாகச் செல்லும் கதையை அடுத்த வாரம் எழுதச் செய்யலாம். படிப்பவர் உண்டு என அறிந்த பிள்ளை கையெழுத்தையும் தானே திருத்திக்கொள்ளும்.

திருத்தும் முறை

இங்கு ஆசிரியர் தம் சிவப்பு மையை அடக்கியாளவேண்டும். முதல் வாசிப்பில் ரகர றகரமும், லகர ளகர ழகரமும் கண்ணில் படினும் அவற்றை விட்டுவிடுக. "மேகம் ஊமை என்று எழுதினாயே, மூன்றாம் பக்கத்தில் அதே மேகம் பேசுகின்றதே, எப்படி?" என்று உலகத்தின் சட்டத்தைப் பற்றியே கேட்கவேண்டும். அதைச் சரிசெய்து இரண்டாம் முறை எழுதும்போது எழுத்துப் பிழையைத் திருத்தலாம். முதலிலேயே எழுத்துப் பிழையைச் சுட்டினால் பிள்ளை பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களுக்குள் ஒடுங்கிவிடும்.

எழுத்தில் பின்தங்கிய மாணவர் வாயால் சொல்ல, ஆசிரியரோ தோழரோ எழுதிக்கொடுக்கலாம். தான் சொன்ன கதையைத் தாளில் காணும் பிள்ளை, அதைப் படிப்பதற்காகவே படிக்கக் கற்கும். கதைமாந்தர் பேச்சு வீட்டுத் தமிழில் இருப்பதும் குற்றமன்று. கூறுபவர் நடை செந்தமிழாயிருந்தால் போதும். இரண்டும் வேறு என்பதை அங்கேயே கற்பிக்கலாம்.

கைப்பேசி விளையாட்டிலும் திரைப்படத்திலும் கண்ட வீரர்களையே மாணவர் எழுதுவதும் உண்டு. அதை ஏளனம் செய்யலாகாது. "உன் வீரன் வரட்டும், ஆனால் அவன் வந்து இறங்கும் ஊர் நம் ஊராயிருக்கவேண்டும், இங்கு அவன் ஆற்றலில் ஒன்று வேலை செய்யக்கூடாது, எது, ஏன் என்று எழுது" எனக் கேட்டால், கடன்வாங்கிய உலகம் மெல்லச் சொந்தமாகும். ஒன்று மட்டும் எச்சரிக்கை. மக்கள் வழிபடும் தெய்வங்களை விளையாட்டுக் கதைக்குள் இழுப்பதைத் தவிர்ப்பது நன்று. அது வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தும். கதை தொடங்குமுன் சண்டை தொடங்கிவிடும்.

இழப்பும் கடமையும்

ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றை ஆசிரியர் கற்பிக்கவேண்டிய தேவை இருந்ததில்லை. லயத்து வாசலில் பாட்டி இருந்தாள். இரவில் குதிரையேறி எல்லை சுற்றும் முனியைப் பற்றி அவள் சொல்வாள். நல்லதங்காள், மதுரைவீரன் கூத்துகள் விடியவிடிய நடந்தன. கித்தா மரங்களுக்கு மாற்றாகச் செம்பனை வந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறினர். லயம் போனபோது வாசலும் போயிற்று. வாசலோடு கதை சொல்பவரும் கேட்பவரும் பிரிந்தனர். அடுக்குமாடி வீட்டில் பாட்டி ஓர் அறையிலும் பேரன் ஓர் அறையிலுமாக இருக்கும் வீடுகள் பல. இருவரையும் மீண்டும் ஓரிடத்தில் உட்காரவைக்கும் ஆற்றல் தமிழாசிரியர் கொடுக்கும் ஒரு வீட்டுப்பாடத்துக்கு உண்டு. "பாட்டியிடம் ஒரு கதை கேட்டு, அதில் ஒரு சட்டத்தை மட்டும் மாற்றி எழுதி வா" என்பதே அவ்வீட்டுப்பாடம்.

தாய்மொழியில் கனவு காணாத பிள்ளைக்கு அம்மொழி தேர்வுப் பாடமாகவே நின்றுவிடும். தேர்வு முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடும். தமிழில் ஓர் ஊரையேனும் கட்டி, அதற்குச் சட்டம் வகுத்து, அதில் ஒருவர்க்காக வருந்திய பிள்ளை அம்மொழியை எளிதில் விடாது. தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் கட்டடத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் கருதுவதோடு இதனையும் கருதவேண்டும்.

புக்கிட் காத்தில் வழியாக நாள்தோறும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கின்றனர். அக்கட்டிலில் துயின்றவர் யார் என்பதற்கு அகராதியில் விடையில்லை. வரும் திங்கட்கிழமை முதற்பாடவேளையில் ஆசிரியர் அவ்வினாவைக் கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுமையோடு காத்திருக்கலாம்.